பூட்டுப் படம் போட்ட நெற்

2009 ஏப்ரல் 14, செவ்வாய்

இன்று கீழ்த்தளம் முழுவதும் நான்தான் மொப் அடித்தேன். கூட வேலை செய்கிற ஸுபைருக்கு முதுகு பிடித்துவிட்டது. பரீட்சைக் காலம் என்றபடியால் யூனிவர்சிட்டி லைப்ரரி நிறையப் பிள்ளைகள். ஒவ்வொரு மேசைக்குக் கீழும் கோப்பி குடித்த கோப்பை.

உயிர்த்த ஞாயிறன்று மகள் கிளடிஸ் தன்னுடைய பழைய போனைத் தந்தாள். விரலால் தடவுகிற போன். அவள் யூனியன்வில்லில் இருக்கிறாள், மார்க்கம் நகரத்தில் ஒரு கந்தோரில் வேலை. "அப்பா, இதில ஸ்கைப் போட்டிருக்கு. மாமி வவுனியாவில நெற் கடையில இருந்து கூப்பிட்டா இதில வரும். ஆனா வைஃபை இருக்கிற இடத்தில மட்டும்தான். தெரியாத எதுவும் கேட்டா ஓம் எண்டு அமத்தாதேங்கோ, ஓகே?"

மாமி என்றது என் தங்கச்சி மரியம்மாவை. கன்னியர் மடத்தில் சமையல். சொந்தமாகப் போன் இல்லை. மடத்துப் போனில் வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்று மதர் சொல்லிவிட்டாவாம். பின்னேரம் வேலை முடித்துத்தான் நெற் கடைக்குப் போவாள். அங்கே பின்னேரம் என்றால் இங்கே காலை. நான் வேலையில் நிற்பேன். எங்கள் வீட்டில் வைஃபையும் இல்லை.

வீட்டுப் போனுக்கு எடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வீட்டில் போனை எடுப்பது என் மனுசி வேரோனிக்கா. அவளுக்கு இருதயம் சரியில்லை. அகஸ்ரினைப் பற்றி வருகிற செய்தி நல்லதோ கெட்டதோ, முதலில் என் காதில் விழட்டும்.

அகஸ்ரின் எங்கள் கடைசி. கிளடிஸ் எங்களைக் கனடாவுக்கு எடுத்தபோது அவனுக்கு வயது கூடிவிட்டது என்று சேர்க்கவில்லை. இப்போது புதுமாத்தளன் பக்கம், சண்டை நடக்கிற அந்தச் சின்னத் துண்டு நிலத்துக்குள். கடைசியாகக் குரல் கேட்டது தை மாதம். "அப்பா, இஞ்ச கடல் சத்தம் மட்டும்தான்" என்றான். பொய். பின்னால் கேட்டது கடல் இல்லை.

இதையெல்லாம் யாருக்கு எழுதுகிறேன்? பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன் நான். தமிழ் எழுத்து கல்யாணத்துக்குப் பிறகு வேரோனிக்கா செபப் புத்தகத்தை வைத்துச் சொல்லித் தந்தது. இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. இப்போது அவள் கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, நான் எழுதினால் வாசிக்க மாட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 16, வியாழன்

கீழ்த்தளத்தில் சாதாரணப் போன் இழுக்காது. மேலே எல்லாம் சீமெந்து. நெற், அந்த வைஃபை, மட்டும் இருக்கிறது. போனில் அதன் பெயருக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம். தட்டினால் இரண்டு கட்டம் வந்து எதையோ எழுதச் சொல்கிறது.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொம்பியூட்டர் உதவி மேசை. அங்கே இருப்பவர் அழகேசன், நாற்பது வயதிருக்கும், தமிழ்நாட்டுக்காரர். தினமும் தலையசைப்பார். இன்றைக்கு மொப்பைச் சுவரில் சாத்திவிட்டுப் போனேன்.

"தம்பி, ஒருக்கால் இதைப் பாருங்கோ. பூட்டுத் திறக்குதில்லை."

"பெரியவரே, இது செக்யூர் நெட்வொர்க்குங்க. ஸ்டூடண்ட், ஸ்டாஃப் ரெண்டு பேருக்குத்தான் ஐடி. நீங்க கான்ட்ராக்ட்காரங்க ஆளு. எனக்கு அதிகாரம் இல்லீங்க."

"நான் இஞ்ச அஞ்சு வருஷம் கூட்டுறன், தம்பி."

"தெரியுமுங்க. தினமும் பாக்கிறேனே." அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தார்.

கோபம் வரவில்லை. ஆணும் பெண்ணுமாய் எத்தனை பேர் என்னிடம் இப்படிப் பேனாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் 17, வெள்ளி

ஸுபைர் சொன்னது: "உந்தப் போனுக்குப் பதிலா ஒரு புறா வளர்த்திருக்கலாம் அண்ணை. பாஸ்வேர்ட் கேக்காது."

ஏப்ரல் 21, செவ்வாய்

சனம் வெளியே வருகிறது. நேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில். ஸ்காபரோவில் பஸ்ஸுக்குள் எல்லாரும் அதையே கதைக்கிறார்கள். கடையில் ரீவியில் தண்ணீருக்குள் நடந்து வருகிறவர்களைக் காட்டினார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை, நடையைப் பார்த்தேன். அகஸ்ரின் இடது தோளைக் கொஞ்சம் முன்னால் விட்டு நடப்பான். ஒருவரும் அப்படி நடக்கவில்லை. தண்ணீருக்குள் எல்லாருடைய நடையும் ஒன்றுதான்.

வேலையில் அழகேசன் தானாகவே என்னிடம் வந்தார். "உங்களுக்கு அங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். மகன் என்றேன். ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். பிறகு, "கெஸ்ட் அக்கவுண்ட்னு ஒண்ணு இருக்கு. வெளியூர்லேர்ந்து வர்ற புரொபசருங்களுக்குக் குடுக்கறது. ஒவ்வொரு வாரமும் நான் புதுப்பிச்சுத் தர்றேன். யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

பாஸ்வேர்ட் ஒரு துண்டில் எழுதித் தந்தார். வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன். என் விரலைப் பிடித்து எழுத்துகளில் வைத்துக் காட்டினார். பாதை மாதிரி மனதில் ஏற்றிக்கொண்டேன் – மேலே ஏறி, இடப்பக்கம் இறங்கி, மூலைக்குப் போய்த் திரும்பி வா. நாலு தரம் பிழைத்தது. "முதல் எழுத்து பெரிசுங்க. அதுக்கு முன்னாடி இந்த அம்புக்குறியைத் தட்டணும்" என்றார். அதுதான் பிழை. ஐந்தாம் தரம் பூட்டுத் திறந்தது.

ஸுபைர் பக்கத்தில் நின்று, "புரொபசர் சந்தியாப்பிள்ளை" என்று சல்யூட் அடித்தான்.

ஏப்ரல் 23, வியாழன்

மரியம்மாவின் குரல் கேட்டேன்!

மொப் வாளிக்குப் பக்கத்தில் போன் துடித்தது. எடுத்துக் கதைத்துக்கொண்டே அலுமாரிப் பக்கம் நடந்தேன், அறுந்துவிட்டது. அழகேசனிடம் கேட்டதற்கு, சீலிங்கில் இருக்கிற வெள்ளைப் பெட்டியிலிருந்துதான் நெற் வருகிறது, ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாறுகிறபோது போன் தடுமாறும், ஒரே இடத்தில் நில்லுங்கள் என்றார். பச்சை வெளிச்சம் எரிகிற பெட்டிக்குக் கீழே நின்றேன். திரும்ப எடுத்தாள்.

"அண்ணை, கனபேர் வந்திருக்கினம். ஆஸ்பத்திரி நிரம்பி வழியுது. ஒவ்வொரு நாளும் வேலை முடிய வாசலில போய் நிக்கிறன்."

"அவனைக் கண்டவை ஆரும்?"

"கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

ஏப்ரல் 27, திங்கள்

மேற்பார்வையாளர் கேட்கிறார், அந்த ஒரு இடம் மட்டும் ஏன் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது என்று. வெள்ளைப் பெட்டிக்குக் கீழே. ஒரே இடத்தைத்தானே காலை முழுவதும் துடைக்கிறேன். ஸுபைர், "அது புரொபசரின்ர ஆராய்ச்சி" என்றான். அவருக்குத் தமிழ் விளங்காது, ஆனால் சிரித்தார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மரியம்மா சொன்னாள், முல்லைத்தீவிலிருந்து கப்பலில் வந்த காயக்காரரில் ஒருவன். கதைக்க முடியாது. முகத்தில் பாதிக்குக் கட்டு. கூட வந்த ஒரு பெண், இவன் சந்தியாப்பிள்ளையின் மகன் போல என்று சொல்லியிருக்கிறாள். "போல" என்றுதான் சொன்னாளாம்.

"எனக்குத் தெரியேல்லை அண்ணை. நான் அவனைக் கண்டு அஞ்சு வருஷம். இப்ப மெலிஞ்சு, கட்டுப்போட்டு... நாளைக்கு ஒரு நேர்ஸ் மிஸ் தன்ர போனில படம் எடுத்துத் தாறன் எண்டவ. அனுப்புறன். நீ பாத்துச் சொல்லு."

கிளடிஸ் கடைசியாகக் கண்டபோது அவனுக்குப் பத்து வயசு. அவளுக்கு இப்போது அடையாளம் தெரியாது. வேரோனிக்காவுக்குக் கண் இல்லை. நான்தான்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் இருந்து போனின் மணிக்கூட்டை ஊர் நேரத்துக்கு மாற்றினேன். எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூடு தை மாதத்திலிருந்து ஊர் நேரம்தான் காட்டுகிறது. தெரிந்த வீடுகள் எல்லாவற்றிலும் அப்படி ஒன்று தொங்குகிறது. இது மட்டும் ஏன் ரொறன்ரோ நேரம் காட்ட வேண்டும்? அங்கே இந்நேரம் நடுச்சாமம் கழிந்து அடுத்த நாளாகிவிட்டது. எண்கள் சக்கரம் மாதிரி உருண்டன. மரியம்மா எத்தனை மணிக்கு மடத்தை விட்டு இறங்குகிறாள், எத்தனை மணிக்கு நெற் கடைக் கதிரையில் இருக்கிறாள் – இனி அவள் நேரத்திலேயே நான் நிற்கலாம்.

ஏப்ரல் 29, புதன்

நெற் பிடிக்கவில்லை. பூட்டைத் தட்டினால் சிவப்பில் ஏதோ எழுத்து வந்து என்னிடம் என்னவோ கேட்கிறது. கிளடிஸ் சொன்னபடி ஓம் என்று அமத்தவில்லை. பாதையைச் சரியாகத்தான் போட்டேன். அம்புக்குறியும் தட்டினேன்.

அழகேசன் லீவு. மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண், ஸ்ராப் அட்டை இருக்கிறதா என்று கேட்டாள். அட்டை என்ற சொல் எனக்கு விளங்கும்.

ஏப்ரல் 30, வியாழன்

இல்லை.

மே 1, வெள்ளி

காலை முழுக்க வெள்ளைப் பெட்டிக்குக் கீழே நின்றேன். பச்சை வெளிச்சம் எரிகிறது. பிள்ளைகள் எல்லாரும் போனைத் தடவிச் சிரிக்கிறார்கள். என்னுடையதற்கு மட்டும் என்ன? படம் வந்திருக்கும். எங்கேயோ வந்து நிற்கிறது, வாசலில். நான் உள்ளே நிற்கிறேன். ஐயோ, ஒரு கதவுதானே! ஸுபைர் தன் போனில் ஸ்கைப் போட்டுப் பார்க்கலாம் என்றான். என்னுடைய பாஸ்வேர்ட் கிளடிஸுக்குத்தான் தெரியும். கிளடிஸ் போராட்டத்துக்கு என்று பிள்ளைகளோடு ஒட்டாவா போயிருக்கிறாள். எடுக்கிறாள் இல்லை. சத்தத்தில் கேட்டிருக்காது.

மே 3, ஞாயிறு

பூசையில் வேரோனிக்கா என் கையைப் பிடித்து, "ஏன் உங்கட கை பொக்கற்றுக்குள்ளயே போகுது?" என்று கேட்டாள். குளிர் என்றேன்.

மே 5, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்று அழகேசன் திரும்பி வந்தார், ஆனால் நாள் முழுவதும் கூட்டமாம், மேசையில் இல்லை. இன்று காலை வேலை தொடங்க முன்னமே போய் நின்றேன். போனை வாங்கினார். முதலில் நிறுத்தித் திரும்பப் போட்டார். பிறகு நெற்றை "மறக்கச்" சொன்னார் – அப்படி ஒரு பொத்தான் இருக்கிறது, தெரிந்த நெற்றைப் போன் மறந்துவிடும், புதிதாக அறிமுகம் செய்ய வேண்டும். அதற்கும் சிவப்பு எழுத்துத்தான். என் கணக்கைத் தன் போனில் போட்டுப் பார்த்தார். உடனே பிடித்தது.

"அக்கவுண்ட் நல்லாத்தான் இருக்கு. பிரச்சினை உங்க போன்லதான்." சிவப்பு எழுத்தை வாசித்தார். "பெரியவரே, எங்க நெட்வொர்க் உங்க போன்கிட்ட ஒரு சர்டிபிகேட் காட்டும். நான் உண்மையான ஆளுதான்னு. அது எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு போன் பாக்கும். செல்லாதுன்னு உங்க போன் சொல்லுது..." நிறுத்திவிட்டு எதையோ திறந்து பார்த்தார். "இது ரெண்டாயிரத்துப் பதிமூணுல இருக்கு. யாரு மாத்துனா?"

"நான்தான். ஊர் நேரம் வைச்சனான்."

"ஊர் நேரமா?"

"மரியம்மா கூப்பிடுற நேரம்."

அவர் சிரிக்கவில்லை. மணியை மாற்றும்போது ஓரத்துச் சக்கரத்தில் விரல் பட்டு வருஷமும் உருண்டிருக்கிறது. போனின் கணக்கில் நெற் காட்டுகிற அட்டை காலாவதி. நாங்கள் எத்தனை சென்றியில் ஆமிக்கு அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றிருப்போம். இங்கே அட்டையை நீட்டினது நெற். தள்ளி நில் என்றது என் சட்டைப்பைக்குள் இருந்த போன். அதற்கு அந்தப் புத்தியைக் கொடுத்தது நான்.

வருஷத்தைச் சரியாக்கினார். பூட்டுத் திறந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன – தவறின அழைப்புகள், பிறகு ஒரு படம்.

ஒரு கட்டில். வெள்ளைக் கட்டு. ஒரு கண் மூடியிருக்கிறது. தாடை, கழுத்து, போர்வைக்கு மேலே வலது கை.

அகஸ்ரினுக்கு ஒன்பது வயதில் சைக்கிள் செயினுக்குள் வலது பெருவிரல் அகப்பட்டது. நகம் போனது, திரும்ப வரவே இல்லை. அந்த இடம் தோல் மூடி மொட்டையாக இருக்கும். படத்தில் இருந்த கையில் பெருவிரல் நகம் முழுதாக இருந்தது. ஊத்தை படிந்த, நீளமான நகம்.

போன நகம் முளைக்காதோ? பதினெட்டு வருஷம் முளைக்காதது இப்ப முளைக்குமோ? படத்தைப் பெரிதாக்கினேன். இடது கையோ என்று பார்த்தேன். இல்லை. வலது.

அப்போதுதான் போன் துடித்தது.

"எங்க அண்ணை போனாய்! எத்தினை நாளாக் கூப்பிடுறன். படம் பாத்தனியோ?"

"இப்பதான்."

"நாளைக்கு விடிய பஸ் வருதாம். சொந்தக்காரர் இல்லாத ஆக்களை வேற இடத்துக்கு ஏத்தப் போகினம். எந்த இடம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான் மாமி எண்டு சொல்லி எழுதிக் குடுத்தால் இஞ்சயே வைச்சுப் பாக்கலாம். ஆனா நான் பொய் எழுத மாட்டன் அண்ணை. நீ கண்டு சொல்லு. அவனோ?"

வெள்ளைப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தேன். பச்சை வெளிச்சம். எத்தனை தரம் அறுந்த லைன், இன்றைக்கு அறுந்துபோகவில்லை.

"அண்ணை? கேக்குதோ?"

"கேக்குது."

"அவனோ?"

"ஓம்" என்றேன். "அவன்தான்."

அந்தப் பக்கம் அவள் அழுதாள். அழகேசன் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். "உங்க பையன்தானா? ரொம்ப சந்தோஷம் பெரியவரே" என்று மேலே போய் எனக்குக் கோப்பி வாங்கி வந்தார். குடித்தேன்.

ஏன் சொன்னேன்? அந்தப் பிள்ளை பஸ்ஸில் ஏறக் கூடாது என்றா? எங்கேயாவது ஒருவர் அகஸ்ரினைப் பார்த்து ஓம் எங்கள் பிள்ளைதான் என்று சொல்லட்டும் என்றா? இரண்டும் பிறகு நான் யோசித்துக்கொண்டவை. அந்த நேரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: இல்லை என்று என் வாயால் சொன்னால் அவன் இல்லாமல் போய்விடுவான்.

மே 6, புதன்

வேரோனிக்காவிடம் சொல்ல நான் நினைக்கவில்லை. மரியம்மா சந்தோஷம் தாங்காமல் கிளடிஸுக்கு எழுதிவிட்டாள், கிளடிஸ் வீட்டுக்கு எடுத்துச் சொல்லிவிட்டாள். நான் வேலையால் வர வேரோனிக்கா மாதாவுக்கு முன்னால் முழங்காலில். என் பக்கம் திரும்பி, "என்னட்ட ஒளிச்சனீங்கள், என்ன?" என்றாள். சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எவ்வளவு காலம்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் போனேன்.

மே 11, திங்கள்

நேற்றுப் பின்னேரம் சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் பெரிய றோட்டை மறித்து நின்றது. ஸுபைர் சொன்னான்: "என்ர மருமகன் காருக்குள்ள மாட்டிக்கொண்டு உங்களையெல்லாம் நல்லாத் திட்டினவன், அண்ணை." பிறகு வாளியைக் கழுவிக்கொண்டு, "தொண்ணூறில இயக்கக்காரர் எங்கட முஸ்லிம் ஆக்களை மன்னாரை விட்டுப் போகச் சொன்னாங்க. அப்ப ஒரு றோட்டும் ஒருத்தரும் மறிக்கல்ல" என்றான். நான் மொப்பைப் பிழிந்து அவனிடம் நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவனே, "மகனுக்கு எப்படி? நேத்துத் தொழுகையில கேட்டுக்கொண்டன்" என்றான்.

அவனிடமாவது சொல்லியிருக்கலாம்.

மே 14, வியாழன்

காயக்காரன் வாய் திறந்துவிட்டான்.

"அண்ணை, அவன்ர பேர் கேதீஸ்வரனாம். அகஸ்ரின் எண்டு ஒருத்தரையும் தெரியாதாம். தாயைக் கேக்கிறான்." மரியம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம். "நீ தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனியோ?"

எத்தனை நாள் அறுக்காதே அறுக்காதே என்று கும்பிட்ட லைன். இன்றைக்கு அறுந்தால் நல்லது என்று நின்றேன். மணி போலக் கேட்டது. அவள் மூச்சு விடுவதும் கேட்டது.

"அப்ப எங்கட பிள்ளை எங்க அண்ணை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மே 18, திங்கள்

இங்கே விடுமுறை. பழைய மகாராணி ஒருத்தியின் பிறந்தநாளாம். பார்க்கில் பட்டாசு கொளுத்துகிறார்கள். வேரோனிக்கா யன்னலைச் சாத்தச் சொன்னாள்.

மே 19, செவ்வாய்

முடிந்துவிட்டதாம்.

அந்தத் துண்டு நிலத்தில் இனி ஒருவரும் இல்லை என்கிறார்கள். வந்தவர்கள் வந்துவிட்டார்கள். மரியம்மா எல்லா வாசலிலும் நின்று பார்த்துவிட்டாள். கண்டவர் இல்லை, கண்டதாகச் சொன்னவரைக் கண்டவரும் இல்லை.

அழகேசன் கணக்கைப் புதுப்பிக்கக் கூப்பிட்டார். "வேண்டாம் தம்பி" என்றேன்.

"ஏன் பெரியவரே, பையன்கூடப் பேச வேணாமா?"

மரியம்மாவுக்கு இப்போது கிளடிஸ் ஒரு கைப்போன் எடுத்துக் கொடுத்துவிட்டாள், நெற் தேவையில்லை என்று சொன்னேன். அது உண்மை. உண்மைகளை அடுக்கி வைத்துத்தான் இந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

மே 24, ஞாயிறு

இனித் தள்ளிப்போட முடியவில்லை. கிளடிஸ் வீட்டில் எல்லாரும் போனைச் சுற்றி. வேரோனிக்கா மகனோடு கதைக்க வேண்டும். மரியம்மாவும் ஒருவரிடமும் உண்மையை உடைக்கவில்லை, அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லி வைத்தாளோ தெரியாது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி" என்றாள் வேரோனிக்கா.

கிளடிஸ் போனைத் தாய்க்குக் கிட்டவாக நகர்த்தினாள். பிறகு ஸ்பீக்கரில் ஒரு பொடியனின் குரல், "அம்மா" என்றது. வேறொன்றும் சொல்லவில்லை. விம்மல் கேட்டது.

வேரோனிக்கா தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் போனதற்குப் பிறகு அவள் அப்படித்தான் ஆட்களைப் பார்ப்பது. "நீங்களெல்லாம் வெளியில போங்கோ" என்றாள். "நான் தனியக் கதைக்க வேணும்."

கதவைச் சாத்தினோம். கிளடிஸ் அழுதுகொண்டு தேத்தண்ணி போட்டாள். வெளியே வந்த வேரோனிக்கா ஒன்றுதான் சொன்னாள்: "குரல் களைச்சுப் போச்சு."

யாருடைய குரல் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

கிளடிஸ் லோயரிடம் கேட்டுவிட்டாளாம், தம்பியை எடுக்க வழி இருக்கிறதாம். "அப்பா, அவன்ர பேர்த் சர்டிபிகேட் உங்களிட்டத்தானே இருக்கு?" என்று கேட்டாள். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

வேரோனிக்கா முந்திக்கொண்டாள். "அவசரப்படாத பிள்ளை. அவன் முதல்ல எழும்பி நடக்கட்டும்."

வீட்டுக்கு வரும் வழியில் காரில் வேரோனிக்கா செபமாலை உருட்டினாள்.

ஜூன் 14, ஞாயிறு

பூசையில் மரித்தவர்களுக்காகப் பெயர் வாசிக்கிற இடம். இந்த மாதம் அது முடிகிறதே இல்லை. சுவாமி வாசித்துக்கொண்டு போனார். இடையில், மற்றப் பெயர்களைப் போலவே, "அகஸ்ரின் சந்தியாப்பிள்ளை" என்றார்.

கிளடிஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வேரோனிக்காவைப் பார்த்தேன். அவள் முன்னால் பார்த்தபடி, மற்றவர்களோடு சேர்ந்து மறுமொழி சொன்னாள். பெயரைக் கொடுத்தது அவள்தான். யாரைக் கூட்டிக்கொண்டு கோயில் ஒபீசுக்குப் போனாள், எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது.

வாசலில் கிளடிஸ் அழத் தொடங்க, "அப்பாவை ஒண்டும் கேக்காத" என்று மட்டும் சொன்னாள். என்னிடம் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. காரில் என் பக்கத்தில் இருந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, அவள் எனக்கு முன்னமே அழுது முடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன், அன்றைக்குக் கிளடிஸ் வீட்டில் சாத்தின அந்தக் கதவுக்குப் பின்னால்.

வீட்டுக்கு வந்ததும் மரியம்மாவின் இலக்கத்தை அடித்துத் தரச் சொன்னாள். அடித்துக் கொடுத்தேன்.

"கேதீஸ்" என்று கூப்பிட்டாள். "நான்தான் ராசா. காயம் காயுதோ?"

கனநேரம் கதைத்தாள். ஊர், தெரு, பங்கருக்குள் கடைசியாக ஆரோடு இருந்தது, தாய் என்ன நிறத்தில் சீலை உடுத்திருந்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தாயின்ர பேர் கமலாவதி. வலைஞர்மடத்தில பிரிஞ்சதாம். சொல்லுறதை ஞாபகத்தில வைச்சிருங்கோ, நீங்கள் மறக்க மாட்டியள்." எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "வேலையில அந்த நெற் உங்களுக்கு இன்னும் வேலை செய்யுதோ?" என்று கேட்டாள்.

நிறுத்திவிட்டேன் என்றேன்.

"நாளைக்கு அந்த மேசைக்காரத் தம்பியிட்ட கேட்டுத் திரும்பப் போடுங்கோ. கமலாவதியைத் தேட வேணும்" என்றாள்.